வாயைக் கட்டுவதும் வயிற்றைக் கட்டுவதும்

ஸ்பெயின் தேசத்தின் வட பகுதியில், ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால், லியோன் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. 956-ம் ஆண்டில் அங்கே ஸான்சோ என்பவன் பட்டத்துக்கு வந்தான். மற்ற அரசர்களுக்கெல்லாம் வீரன் என்றும் தர்மவான் என்றும் விருதுப் பெயர் சூட்டிய சரித்திரம், இவனுக்கு மட்டும் ‘தடித்த ஸான்சோ’ என்று சூட்டிவிட்டது. குதிரை மேல் ஏற முடியாது, வாளைச் சுழற்ற முடியாது என்ற அளவுக்கு அவன் தேகம் பெருத்துப் போயிருந்ததாம். சண்டையே ராஜாங்கத் தொழிலாக இருந்த காலம் அது. குதிரை ஏற முடியாத அரசனை யார் பொறுத்துக்கொள்வார்கள்? 958-ல் பிரபுக்கள் ஒன்று சேர்ந்து அவனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஸான்சோவுக்கு ஒரு பாட்டி உண்டு. நவார் நாட்டு ராணி தோதா. பொல்லாத கிழவி! பேரனுக்கு வைத்தியர் வேண்டும் என்று அவள் யாரிடம் ஆள் அனுப்பினாள் தெரியுமா? அதுவரை யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாளோ, அந்தக் கார்டோவா நகரத்துக் கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மானிடம்தான். அவருடைய சபையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூத வைத்தியர் இருந்தார். ராஜதந்திரத்திலும் கெட்டிக்காரர். பாட்டியும் பேரனும் கார்டோவாவுக்கே போய்ச் சேர்ந்தார்கள். வைத்தியர் அரசனுடைய உதடுகளைத் தைத்துவிட்டு, வெறும் திரவ ஆகாரமே கொடுத்தார் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும் பேரன் இளைத்தது உண்மை. கலீபாவின் சேனை துணைக்கு வர, 960 வாக்கில் ராஜ்யத்தையும் திரும்பப் பெற்றுவிட்டான். இத்தனைக்கும் பிரதியாகச் சில கோட்டைகளைக் கலீபாவுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம்.

இந்த வரலாற்றைப் படித்தபோது வைத்தியத்தைவிட வைத்தியச் செலவுதான் என் யோசனையைக் கிளறியது. அரசனுடைய பருமன் ராஜ்யத்தின் விவகாரம். ஆகவே ராஜ்யம் கோட்டைகளைக் கொடுத்து வைத்தியம் செய்துகொண்டது. அதே வியாதி ஒரு சாதாரணப் பிரஜைக்கு வந்தால்? அவனுக்கு யார் கோட்டை கொடுப்பார்கள்?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா தோன்றியதல்ல. என் தமக்கையின் மகள் ஒருத்தி இங்கிலாந்தில் குடும்பம் நடத்துகிறாள். முப்பதைத் தாண்டியவள். இரண்டு குழந்தைகள். சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் சேர்ந்து அவளை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தன. எடையைக் குறைப்பதற்கு அவள் இருக்காத பட்டினி இல்லை. பத்துக் கிலோ இறங்கும். அடுத்த வருஷம் பன்னிரண்டு கிலோ ஏறும். கடைசியில் சர்க்கார் செலவிலேயே வயிற்றில் சஸ்திர சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். “இரண்டு முறை சொல்கிறார்கள், மாமா. எது வேண்டுமென்று நீயே யோசித்துச் சொல் என்கிறார்கள். நீங்கள்தான் எதையும் படித்துப் பார்க்கிறவராயிற்றே, எனக்காகப் படித்துச் சொல்லுங்களேன்” என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: “நாத்தனார் சொல்கிறாள், வாயைக் கட்டத் தெரியாதவளுக்குச் சர்க்கார் பணத்தில் வயிற்றைக் கட்ட வேண்டுமா என்று.”

நான் டாக்டரல்ல. கல்லூரிப் படிப்பை இண்டரோடு நிறுத்திக்கொண்டு கதை எழுத வந்தவன். ஆனாலும் அந்தக் கடைசி வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. படித்தேன். படித்ததில் வாசகர்களுக்கு ருசிக்கும் என்று தோன்றியதை இங்கே சொல்கிறேன்.

பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி ஆரம்பமாயிற்று. சுகாதார மந்திரி அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன். வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடத்தில் யாரும் பணம் கொடுக்க வேண்டாம், வரிப் பணத்திலிருந்து தேசம் கொடுக்கும் என்பது ஏற்பாடு. அன்றைக்குப் பருமனுக்கு என்று ஒரு சஸ்திர சிகிச்சை கிடையாது. அது சில வருஷங்கள் கழித்து அமெரிக்காவில் உருவாயிற்று.

1954-ல் மினஸோட்டாவைச் சேர்ந்த டாக்டர் கிரெமனும் அவருடைய சகாக்களும் நாய்களின் குடலில் செய்து பார்த்த பரிசோதனைகளை வெளியிட்டார்கள். தத்துவம் எளிது. சாப்பாடு சத்தாக மாறி இரத்தத்தில் சேருவது சிறுகுடலில். அது ஆறு மீட்டர் நீளம் இருக்கும். அதில் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டுக் குறுக்கு வழி போட்டால், தின்றதில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து டாக்டர்கள் மனிதர்களிடம் இதைச் செய்தபோது, ஆறு மீட்டரில் சுமார் 45 சென்டிமீட்டரைத்தான் வேலைக்கு விட்டு வைத்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது. கூடவே தீராத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் கெட்டு மரணம். வாயைக் கட்டாமலே உடம்பைப் பட்டினி போட்டதற்கு உடம்பு வாங்கிய வட்டி அது. பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டார்கள். ஏற்கெனவே செய்துகொண்டவர்களில் பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்கவும் நேர்ந்தது.

அடுத்து வந்தவர் எட்வர்ட் மேஸன். அயோவா சர்வகலாசாலையில் சஸ்திர சிகிச்சைப் பேராசிரியர். குடல் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்த பெண்கள் பிற்பாடு இளைத்தே இருப்பதை அவர் கவனித்தார். மற்றவர்களுக்கு அது ஒரு கெடுதலாகத் தோன்றியது. மேஸனுக்கோ அதில் ஒரு வைத்தியம் தோன்றியது. 1966-ல் சிகாஷி இட்டோ என்ற டாக்டருடன் சேர்ந்து இரைப்பைக்கு ஒரு ‘பைபாஸ்’ செய்தார். இருதயத்துக்குச் செய்கிற பைபாஸ் நமக்குப் பழக்கமான சொல். இது வயிற்றுக்கு. இரைப்பையின் மேல் நுனியைச் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவது. மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். அதன் வழியாகச் சாப்பாடு போகாது. இன்றைக்குச் செய்யும்போது அந்தப் பையில் சுமார் 30 மில்லி லிட்டர்தான் கொள்ளும். நம் வீட்டுச் சங்கடையைவிடச் சற்றுத்தான் பெரிது! மேஸன் அதோடு ஓயவில்லை. சத்துக் குறைவு வராத முறை வேண்டுமென்று 1980-ல் இரைப்பையைத் தையலூசிகளால் தடுத்துச் சிறிதாக்கும் வேறொரு முறையையும் கொண்டுவந்தார். நூறு வயது வாழ்ந்து 2020-ல் காலமானார்.

1990-களில் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கருவியை விட்டுச் செய்யும் வித்தை வந்தது. 1993-ல் பெல்ஜியத்தில் அந்த வழியாகவே இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு பட்டையை மாட்டினார்கள். வேண்டும்போது இறுக்கலாம், தளர்த்தலாம், வேண்டாமென்றால் எடுத்தும் விடலாம். வயிற்றுக்கு ஒரு பெல்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கப்புறம் பிரபலமானது ‘ஸ்லீவ்’. சட்டைக் கை என்று அர்த்தம். இரைப்பையில் முக்கால் பாகத்தை நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கைபோல் ஒடுக்கமான குழாயாக்கிவிடுவது. இது முதலில் தனி வைத்தியமாகவே ஏற்படவில்லை. மிக அதிக எடையுள்ளவர்களுக்குப் பெரிய சிகிச்சையை ஒரே மூச்சில் செய்தால் ஆபத்து என்று இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். அதில் முதல் தவணை இது. பலருக்கு முதல் தவணையிலேயே போதிய எடை குறைந்துவிட்டது. இரண்டாம் தவணைக்கு அவசியமே ஏற்படவில்லை.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. சிகிச்சை ஏன் பலிக்கிறது என்று கேட்டால், வயிறு சிறிது, சாப்பாடு குறைவு என்றுதான் வெகு காலம் பதில் சொன்னார்கள். ஆனால் பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிட்டது. 1995-ல் வட கரோலினாவைச் சேர்ந்த டாக்டர் வால்டர் போரிஸ் இதைத் தம் நோயாளிகளின் கணக்கோடு வெளியிட்டபோது, “இதை யார் நினைத்திருப்பார்கள்?” என்ற பொருளில் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்தார். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இரைப்பையில் ஊறும் கிரெலின் என்ற ஒரு ரசத்தைக் கண்டுபிடித்தார்கள். மூளையிடம் போய்ப் பசி பசி என்று சொல்லுகிற தூதன் அது. பட்டினி கிடந்து இளைத்தவர்களின் உடம்பில் இது அதிகமாக ஊறுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. ஸ்லீவ் முறையில் வெட்டியெடுக்கும் பாகத்தில்தான் இந்த ரசம் மிகுதியாக ஊறுகிறது.

என் மருமகளின் நாத்தனாருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. வாயைக் கட்டக் கட்ட வயிறு உரக்கக் கத்துகிறது. பத்துக் கிலோ குறைந்து பன்னிரண்டு கிலோ ஏறுவதில் மனத்தின் பலவீனத்துக்குப் பங்கு இருக்கலாம். உடம்பின் பிடிவாதத்துக்கும் பெரும் பங்கு இருக்கிறது. இப்படியானால் அது வியாதிதான். வியாதி என்றால் பெவன் ஏற்படுத்திய சேவையின் வாசல் அதற்குத் திறக்க வேண்டியதுதான்.

வாசல் திறந்தது. ஆனால் வாசலில் ஓர் எண் நின்றது.

உடம்பின் எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுத்தால் கிடைப்பது அந்த எண். இந்தக் கணக்கைப் போட்டவர் பெல்ஜியத்து வான சாஸ்திரி கெத்லே என்பவர். காலம் 1830-கள். சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று அறிவதே அவர் ஆசை. எந்த நோயாளியும் அவர் மனத்தில் இல்லை. பிறகு அமெரிக்க ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எந்த எடைக்காரன் எத்தனை நாள் இருப்பான் என்று அட்டவணை போட்டன. ஆரம்ப காலத்துச் சஸ்திர வைத்தியர்கள், அந்த அட்டவணைக்கு மேல் நூறு பவுண்டு இருந்தால் கத்தியை எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். 1972-ல் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி கெத்லேயின் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்து ‘பாடி மாஸ் இண்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1991 மார்ச்சில் அமெரிக்காவில் பெதஸ்தா என்ற ஊரில் நிபுணர்கள் கூடி, எண் 40 இருந்தால் சிகிச்சை செய்யலாம். சர்க்கரை போன்ற வியாதி கூட இருந்தால் 35 போதும் என்று தீர்மானித்தார்கள்.

பிரிட்டனில் எந்த வைத்தியத்துக்குப் பொதுப் பணம் செலவிடலாம் என்று ஆராய்வதற்கு 1999-ல் ஒரு நிறுவனம் ஏற்பட்டது. சுருக்கமாக ‘நைஸ்’ என்பார்கள். 2002 ஜூலையில் அது இந்தச் சிகிச்சையை அங்கீகரித்தது. அங்கேயும் 40, 35 என்ற அதே எண்கள்தான். அந்த ரகத் தீர்ப்பைச் சுகாதார சேவை மீற முடியாது. பணம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று சட்டம். 2006 டிசம்பரில் பழைய தீர்ப்புக்குப் பதிலாகப் பருமன் முழுவதையும் பற்றிப் பெரிய வழிகாட்டி ஒன்றை நைஸ் வெளியிட்டது. எண்கள் மாறவில்லை. ஆனால் தீர்ப்பு என்பது வழிகாட்டி ஆகிவிட்டது. தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். வழிகாட்டியைக் கவனத்தில் கொண்டால் போதும். ஒரு சொல் மாறியதில் உரிமையாக இருந்தது யோசனையாக இளைத்துப்போயிற்று. எடை குறைப்பதில் காகிதத்துக்கு இருக்கும் சாமர்த்தியம் கத்திக்குக் கூட இல்லை!

சேவையின் பணத்தை அப்போது வட்டாரம் வட்டாரமாக உள்ளூர் அமைப்புகள் பங்கிட்டு வந்தன. பணம் போதாத சில வட்டாரங்கள் எண்ணை 50 என்று உயர்த்திக்கொண்டன. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு 35 என்பது சுமார் 90 கிலோ. 40 என்பது 102 கிலோ. 50 என்பது 128 கிலோ. சர்க்கரை வியாதியோடு 110 கிலோ எடையுள்ளவள் ஓர் ஊரில் நோயாளி. பக்கத்து ஊரில் காத்திருக்க வேண்டியவள். இன்னும் பதினெட்டுக் கிலோ ஏற்றிக்கொண்டு வந்தால் வைத்தியம் உண்டு என்று சொல்லுகிற வைத்தியசாலையை நான் கதையில் எழுதினால், பத்திரிகாசிரியர் நம்பத் தகாதது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

2011-ல் இப்படி ஒரு வழக்கு இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டு வரை போயிற்று. மனுதாரர் சர்க்கரை வியாதிக்காரர். அவருடைய எண் 43. அவர் வட்டாரத்தின் எல்லை 50. தம் குடும்ப வாழ்வும் மானமும் குலைகின்றனவே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று கேட்டார். வரம்புள்ள பணத்தைப் பங்கிடும்போது வைத்தியக் காரணங்களை மட்டும் பார்த்து, வாழ்க்கைக் காரணங்களை ஒதுக்குவது சட்ட விரோதமல்ல என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பது உண்மை. அந்த உள்ளூர் அமைப்புகளும் 2013-ல் கலைந்துபோயின. ஆனாலும் அந்தக் கேள்வி கலையவில்லை.

எண்ணிலும் ஒரு திருத்தம் வந்தது. நம்மவர்களுக்கு அது முக்கியம். தெற்கு ஆசியர்களின் உடம்பில் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருவது ஒரு காரணம். ஆகவே 2023-ல் நைஸ், ஆசிய வம்சத்தவருக்கு எல்லையை 2.5 குறைத்துக் கணக்கிடலாம் என்றது. அதாவது 40 இருக்குமிடத்தில் 37.5. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதியைப் பார்த்தேன். 40, 35 என்று பெதஸ்தாவின் எண்களே அதில் இருந்தன. 2022-ல் உலகச் சஸ்திர நிபுணர் சங்கங்கள், ஆசியர்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கின்றன.

இனி, மருமகள் கேட்ட கேள்வி: எந்த முறை?

ஸ்வீடனில் 1987-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். சிகிச்சை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். செய்துகொள்ளாமல் சாதாரண வைத்தியத்தில் இருந்தவர்கள் 2,037 பேர். 2007-ல் வெளியான கணக்குப்படி, பத்து வருஷத்துக்குப் பின் பைபாஸ்காரர்களின் எடை 25 சதவிகிதம் குறைந்திருந்தது. இரைப்பையைத் தடுத்துத் தைத்தவர்களுக்கு 16. பட்டை மாட்டியவர்களுக்கு 14. மற்றவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சராசரி பதினோரு வருஷக் கணக்கில் சிகிச்சை செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் 101, மற்றவர்களில் 129. அழகுக்காகச் செய்துகொள்ளும் காரியம் இது என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை பார்க்கட்டும்.

பட்டை எளிது, எடுத்துவிடலாம்; ஆனால் நழுவும், அரிக்கும், பலருக்குப் பின்னால் எடுக்கவே நேர்ந்தது. அதனால் அதன் மவுசு குறைந்துவிட்டது. ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை, வேலை சுருக்கம். ஆனால் வெட்டியது வெட்டியதுதான், திரும்பாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது அதிகமாகலாம். பைபாஸ் நெஞ்செரிச்சலுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் இரும்பு, சுண்ணாம்பு, பி-12 சத்துகளை ஆயுள் முழுவதும் மாத்திரையாக விழுங்க வேண்டும். இனிப்பை அவசரமாகச் சாப்பிட்டால் படபடப்பும் மயக்கமும் வரும். ஸ்லீவுக்கும் மாத்திரை உண்டு. வருஷா வருஷம் இரத்தப் பரிசோதனை உண்டு. எதைத் தேர்ந்தாலும் நாலு வாய்க்கு மேல் இறங்காது. நன்றாக மென்றுதான் தின்ன வேண்டும். ஆக, வாயைக் கட்டுவது தப்பவில்லை! கட்டினால் பலன் நிற்கும் என்ற நிலைமையை மட்டும் சிகிச்சை உண்டாக்கிக் கொடுக்கிறது.

இதையெல்லாம் எழுதி, எந்தத் தொந்தரவோடு உன்னால் முப்பது வருஷம் குடித்தனம் செய்ய முடியும் என்று பார்த்துக்கொள், டாக்டரிடமும் அதையே கேள் என்று முடித்தேன். அவளுக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் நெஞ்செரிச்சல் வெகு நாளாக உண்டு; சர்க்கரையும் உண்டு. டாக்டருடன் பேசி பைபாஸைத் தேர்ந்துகொண்டாள். ஆறு மாதம் கழித்துப் பேசியபோது எடையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வருவதாகச் சொன்னாள்.

இப்போது கத்தி இல்லாமலே எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. 2025 ஜூனில் இங்கிலாந்துச் சுகாதார சேவையில் குடும்ப டாக்டர்கள் மூலம் டிர்ஸெபடைட் என்ற ஊசியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணம் ஏது? முதல் வரிசைக்கு எண் 40, கூடவே நான்கு வியாதிகள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். மருந்து புதிது, வாசலில் நிற்கும் எண் பழையது.

எண்ணே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்ப் பணத்தைச் செலவழிக்கிறவர்கள் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் குற்றவாளி, அந்தப் பக்கம் போனவள் சலுகை பெற்றவள் என்று நாமாக ஒரு தீர்ப்பை எழுதிக்கொள்ளுகிறோமே, அதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் ஆதாரம் இல்லை. ஸான்சோ ராஜாவுக்கு வைத்தியம் செய்ய ஒரு ராஜ்யம் கோட்டைகளைக் கொடுத்தது. அவன் வாயைக் கட்டியிருக்கலாமே என்று அவன் பாட்டி கேட்டதாகச் சரித்திரத்தில் எங்கும் இல்லை.